எந்த நூற்றில் இருபது?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. வாங்கிய விலையின் மேல் 20 சதவீதம் வைத்து சேலை விற்கிறீர்கள். ஆடியில் அதே 20 சதவீதத்தைத் தள்ளுபடியாகக் கொடுத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றுதானே ஆக வேண்டும், ஏன் கையைக் கடிக்கிறது என்பது முதலாவது. சரக்கு எடுக்க ஒரு லட்சம் கடன் வேண்டும். ஒரு நிதி நிறுவனம் 10 சதவீதம் ஃபிளாட் என்கிறது, வங்கி 14 சதவீதம் என்கிறது, எது மலிவு என்பது இரண்டாவது. மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கும்போது சேதாரத்தையும் ஜிஎஸ்டியையும் எப்படிச் சரிபார்ப்பது என்பது மூன்றாவது.

மூன்றிலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சதவீதம் எதன் மேல்? அந்த அடித்தொகை தெரியாதவரை 20 என்பதற்கு ஒரு பொருளும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வகுத்தல், பெருக்கல் எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கேள்வியை மட்டும் கேட்கப் பழக்கவில்லை. வியாபாரத்தில் பணம் போவது பெரும்பாலும் இதனால்தான்.

சேலைக்கு வருவோம். வாங்கிய விலை 1,000 ரூபாய். அதன் மேல் 20 சதவீதம், அதாவது 200 ரூபாய் ஏற்றி 1,200 என்று ஒட்டுகிறீர்கள். ஆடியில் 20 சதவீதம் குறைக்கும்போது குறைவது 1,000-ல் 20 சதவீதம் அல்ல, 1,200-ல் 20 சதவீதம். அது 240 ரூபாய். சேலை 960-க்குப் போகிறது. ஏற்றியது 200, இறக்கியது 240. ஒரு சேலைக்கு 40 ரூபாய் நட்டம்.

உண்மையில் நட்டம் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். நீங்கள் ஒட்டும் 1,200 ரூபாய் வரியும் சேர்ந்த விலை என்றால், அதில் 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அது உங்கள் பணம் அல்ல. அதை எடுத்துவிட்டால் உங்களுக்கு நிற்பது 1,142 ரூபாய் 86 காசு. அப்படியானால் 20 சதவீத லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது தள்ளுபடிக்கு முன்பே 14 சதவீதத்துச் சொச்சம்தான். 960-க்கு விற்றால் வரி போக 914 ரூபாய் 29 காசு. இப்போது நட்டம் ஒரு சேலைக்கு 86 ரூபாய். (1,000 ரூபாய் என்பது வரிக்கு முந்தைய கொள்முதல் விலை, கொள்முதலில் கட்டிய வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.)

அப்படியானால் என்ன விலை ஒட்டியிருக்க வேண்டும்? தள்ளுபடி கொடுத்த பிறகும் கொள்முதலின் மேல் 20 சதவீதம் வேண்டுமென்றால், கையில் நிற்க வேண்டியது 1,200. அந்த 1,200 என்பது ஒட்டிய விலையில் 80 சதவீதம். ஆகவே 1,200-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 1,500. அதன் மேல் 5 சதவீத வரி சேர்த்தால் 1,575. ஊரில் பெரிய கடைகள் ஆடிக்கு முன்பே விலைச் சீட்டு அடிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அடிக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் தள்ளுபடியை மட்டும் நாமும் போட்டால், அவர்கள் வகுத்த இடத்தில் நாம் வகுக்கவில்லை என்பது மறந்துபோகிறது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. 1,000-க்கு வாங்கி 1,200-க்கு விற்றால் கொள்முதலின் மேல் லாபம் 20 சதவீதம். விற்பனையில் பார்த்தால் 200-ஐ 1,200-ஆல் வகுக்க, 16.67 சதவீதம். வியாபாரிகள் மார்ஜின் என்று சொல்லும்போது சிலர் முதலாவதைச் சொல்கிறார்கள், சிலர் இரண்டாவதை. மொத்த வியாபாரி உங்களிடம் "25 பர்சன்ட் மார்ஜின் நிற்கும்" என்றால், விற்கிற விலையிலா வாங்குகிற விலையிலா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கொள்முதலில் 25 என்றால் விற்பனையில் அது 20 தான். வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் விற்றுவந்த பணத்திலிருந்துதான் போகிறது என்பதால், கடை நடத்துகிறவருக்கு விற்பனையில் எத்தனை சதவீதம் என்பதுதான் உதவும். இது என் பழக்கம். கொள்முதலை வைத்தே காலமெல்லாம் ஒழுங்காகக் கணக்கு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கலந்தால்தான் வம்பு.

"வெறும் அஞ்சு பர்சன்ட்தானே, கொடுத்துவிடுவோம்" என்று சொல்வதையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். 1,200 ரூபாய் சேலையில் 5 சதவீதம் 60 ரூபாய். வாடிக்கையாளருக்கு அது நூற்றில் ஐந்து. உங்களுக்கோ அது 200 ரூபாய் லாபத்திலிருந்து போகிற 60, அதாவது லாபத்தில் 30 சதவீதம். பழைய மொத்த லாபமே வர வேண்டுமானால் 100 சேலை விற்ற இடத்தில் 143 சேலை விற்க வேண்டும். ஒரு சேலைக்குக் கடைச் செலவு 144 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள், விற்பனை ஏறாவிட்டால் மிஞ்சிய 140-ல் அதுகூடத் தேறாது. தள்ளுபடியால் கூட்டம் இந்த அளவுக்கு ஏறுமா என்று உங்கள் ஊரையும் பழைய ஆடிக் கணக்கையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய முடியும். தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்கு என்றால் கணக்கு வேறு. முடங்கிய பணம் வெளியே வருவதே லாபம்.

இணையத்தில் விற்கிறவர்களுக்கும் இதே வகுத்தல்தான். தளம் 25 சதவீதம் கமிஷன் எடுக்கிறது, நமக்கு 100 ரூபாய் வேண்டும் என்றால் பலர் 125 என்று விலை போடுகிறார்கள். 125-ல் 25 சதவீதம் 31.25, கையில் வருவது 93.75. போட வேண்டிய விலை 100-ஐ 0.75-ஆல் வகுத்து வரும் 133.33.

அப்புறம், சரக்கு வாரியாக லாப சதவீதம் எழுதி வைத்துக் கடைசியில் சராசரி எடுக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சேலையில் 5 லட்சம் கொள்முதலுக்கு 20 சதவீதம், பிளவுஸ் பிட்டில் 50 ஆயிரத்துக்கு 60 சதவீதம் என்றால் கடையின் லாபம் 40 சதவீதம் அல்ல. ரூபாயில் கூட்டுங்கள்: ஒரு லட்சமும் 30 ஆயிரமும். 5.5 லட்சத்துக்கு 1.3 லட்சம், 23.6 சதவீதம். சதவீதங்களைத் தங்களுக்குள் கூட்டி வகுக்கக் கூடாது, அடித்தொகைகள் சமமாக இருந்தால் ஒழிய. "50 சதவீதம், மேலும் 20 சதவீதம்" என்ற பலகையும் இதே வகைதான்: 100 முதலில் 50 ஆகிறது, அப்புறம் அந்த 50-ல் 20 சதவீதம் போய் 40. மொத்தத் தள்ளுபடி 60 தான், 70 அல்ல. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33.3 சதவீதம்.

வரியை உள்ளேயிருந்து பிரித்தெடுப்பதில் தடுமாறாதவர் குறைவு. 1,180 ரூபாய் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு என்றால், பலர் 1,180-ஐ 18 சதவீதத்தால் பெருக்கி 212 என்கிறார்கள். வரி போடப்பட்டது 1,180-ன் மேல் அல்ல, அதற்கு முந்தைய 1,000-ன் மேல். அதனால் வகுக்க வேண்டியது 118-ஆல், பெருக்க வேண்டியது 18-ஆல்: வரி 180. 5 சதவீதத்துக்கு இன்னும் சுலபம். வரி சேர்ந்த தொகையை 21-ஆல் வகுத்தால் வரி வந்துவிடும். 105 ரூபாயில் 5 ரூபாய் என்பது இருபத்தொன்றில் ஒன்றுதானே. ஹோட்டல் பில்லில் 2.5, 2.5 என்று இரண்டு வரியாக இருப்பது மத்திய, மாநிலப் பங்குகள், கூட்டினால் 5.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசி, சிமென்ட் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனபோது, விலை 10 சதவீதம் குறையவில்லையே, கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று பலரும் கோபப்பட்டார்கள். 128 ரூபாயாக இருந்தது 118 ஆகிறது. குறைந்த 10 ரூபாயை, வாடிக்கையாளர் கொடுத்துக்கொண்டிருந்த 128-ஆல்தான் வகுக்க வேண்டும். 7.8 சதவீதம். வரிக்குறைப்பை ஒரு பைசா விடாமல் கொடுத்த கடைக்காரரும் அவ்வளவுதான் குறைத்திருக்க முடியும். 40,000 ரூபாய் ஏசி 36,875 ஆகியிருந்தால் அது நேர்மையான விலை.

கால்குலேட்டர் கையில் இருந்தாலும் மனக்கணக்கு தெரிந்திருந்தால் பில்லில் தப்பு கண்ணில் படும். 10 சதவீதத்துக்குப் புள்ளியை ஓர் இடம் தள்ளினால் போதும். 5 என்றால் அதில் பாதி. 18 வேண்டுமென்றால் 20 சதவீதம் எடுத்து, அதில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள்: 2,350-க்கு 20 சதவீதம் 470, அதில் 47 போனால் 423. இன்னொரு வித்தை: 50-ல் 18 சதவீதமும் 18-ல் 50 சதவீதமும் ஒன்றே, இரண்டும் 9. எது சுலபமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பழைய தமிழ் வாய்ப்பாட்டில் ஒரு மா என்பது இருபதில் ஒன்று, அதாவது நம்முடைய 5 சதவீதம். இருமா 10, மும்மா 15, நாலுமா 20. மாவும் காணியும் (எண்பதில் ஒன்று) சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜிஎஸ்டி ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

சரி, கடன். 10 சதவீதம் ஃபிளாட் என்றால், வாங்கிய ஒரு லட்சத்துக்கு வருஷம் முழுவதும் 10,000 ரூபாய் வட்டி. மொத்தம் 1,10,000-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 9,167 ரூபாய் கட்டச் சொல்வார்கள். ஆனால் ஒரு லட்சமும் வருஷம் முழுக்க உங்களிடம் இருக்கிறதா? முதல் மாதமே திருப்ப ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஆறு மாதத்தில் பாதி போய்விடுகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது பாதியைவிடச் சற்று அதிகம், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கு. அதைக் குறையும் நிலுவைக் கணக்குக்கு, அதாவது மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் கணக்குக்கு மாற்றினால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது.

வங்கி சொன்ன 14 சதவீதம் குறையும் நிலுவையில் என்றால், மாதத் தவணை சுமார் 8,979 ரூபாய். வருஷத்தில் மொத்த வட்டி 7,745. ஃபிளாட்டில் 10,000. சின்ன எண்ணைச் சொன்னவரிடம் வாங்கினால் 2,255 ரூபாய் அதிகம் கட்டுவீர்கள். அதற்கு மேல் நிதி நிறுவனம் ஆவணக் கட்டணம் என்று 2,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 98,000 கொடுத்தால், உண்மையான வட்டி 22 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விடும். ஆகவே சதவீதத்தை வைத்துப் பேரம் பேசாதீர்கள். "கையில் எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்?" இந்த மூன்றை மட்டும் இரண்டு இடத்திலும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். வங்கிகளும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளில் பார்க்க வேண்டியது அந்த ஓர் எண்தான்.

ஊர் வழக்கில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வங்கி பேசுவது வருஷக் கணக்கு, ஊர் பேசுவது மாதக் கணக்கு. இரண்டு வட்டி என்பது வருஷத்துக்கு 24 சதவீதம். "75 பைசா வட்டி" வருஷத்துக்கு 9. கட்டாத வட்டியை மாதாமாதம் அசலில் சேர்த்தால் அந்த 24 என்பது 26.8 ஆகும், மூன்று வருஷத்தில் அசல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தண்டலில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். வட்டி ஆயிரம்தானே, 10 சதவீதம்தானே என்று தோன்றும். கையில் வந்தது 9,000, அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது, காலமோ மூன்று மாதச் சொச்சம். வருஷக் கணக்கில் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003-ல் தமிழ்நாடு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காய்கறி வண்டிக்காரர்கள் இன்னும் அதில்தான் உருள்கிறார்கள் என்பது வேறு கதை.

வட்டி குறைந்தது என்று செய்தி வரும்போது ஒரு சின்னக் கவனம். 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) அந்த ஜூனில் 5.5 ஆனது. இதை "1 சதவீதம் குறைந்தது" என்கிறார்கள். சரியாகச் சொன்னால் ஒரு சதவீதப் புள்ளி. 6.5-ல் 1 குறைந்தது 15 சதவீதக் குறைவு. இரண்டும் உண்மை, விளம்பரத்துக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக நகை. கணக்கு எளிதாக இருக்க 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலி. தங்கத்தின் விலை 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. இரண்டும் சேர்ந்து 89,600. ஜிஎஸ்டி 3 சதவீதம் இந்த மொத்தத்தின் மேல், தங்கத்தின் மேல் மட்டும் அல்ல: 2,688. பில் 92,288. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து என்று கூட்டினால் 92,000 வரும். 288 ரூபாய் ஏன் அதிகம் என்று கவுண்ட்டரில் நின்று சண்டை போட வேண்டாம், வரி சேதாரத்துக்கும் சேர்த்துத்தான். தங்கத்தின் மேல் நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 15.36 சதவீதம்.

"சேதாரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி" என்ற விளம்பரம் பெரிதாகத் தெரியும். 12 சதவீதத்தில் 25 சதவீதம் என்பது 3. சேதாரம் 9 சதவீதம் ஆகிறது. வரியோடு சேர்த்து மிச்சம் 2,472 ரூபாய். முழு பில்லில் பார்த்தால் 2.7 சதவீதம். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தள்ளுபடியே இல்லாமல் 8 சதவீத சேதாரத்துக்கு அதே மாதிரி சங்கிலி பக்கத்துக் கடையில் இருக்கலாம். "செய்கூலி இல்லை" என்ற பலகையும் அப்படித்தான். சேதாரம் எத்தனை என்று கேட்ட பிறகே அதற்கு அர்த்தம். கடைக்குக் கடை ஒப்பிட ஒரே வழி, கடைசித் தொகையை நிகர எடையால் வகுத்து ஒரு கிராம் என்ன விலைக்கு விழுகிறது என்று பார்ப்பது. மேலே சொன்ன சங்கிலியில் அது 11,536 ரூபாய்.

திரும்ப விற்கும்போது சேதாரமும் வரியும் வராது. தங்கத்தின் அன்றைய விலை முழுசாகக் கொடுத்தாலே, விலை 15.36 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். அதனால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதை நகையாக எடுங்கள், சேமிப்பு என்று நினைப்பதை வேலைப்பாடு குறைந்த காசாக எடுத்தால் சேதாரம் கணிசமாகக் குறையும். 916 முத்திரை என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்; 22-ஐ 24-ஆல் வகுத்தால் வரும் 91.67 சதவீதமும் கிட்டத்தட்ட அதுவேதான். கல் பதித்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த பிறகு நிற்கும் தங்கத்துக்கு மட்டுமே சேதாரம் போட வேண்டும். 10 கிராம் நெக்லஸில் 2 கிராம் கல் இருந்து, 12 சதவீதத்தை 10 கிராமுக்கும் போட்டுவிட்டால் உங்களுக்கு விழுவது உண்மையில் 15 சதவீத சேதாரம். பணம் கட்டுவதற்கு முன் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.